அழுதால் விசுவாசம் குறைந்துவிடுமா?

கேள்வி: என் கணவர் இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்" என்ற வசனத்தைச் சொல்லி, நான் இன்னும் அழுவது விசுவாசக் குறைவு என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். "பரலோகத்தில் பார்க்கத்தானே போகிறீர்கள், பிறகு ஏன் அழுகை?" என்றும் கேட்கிறார்கள். ஆராதனையில் என்னால் பாட முடியவில்லை. சில வாரங்களாகப் போகவும் இல்லை. எந்த நிலையிலும் மாறாத சந்தோஷம் கிறிஸ்தவருக்கு உண்டு என்பது உண்மையா? உண்மையானால் அது எனக்கு ஏன் கிடைக்கவில்லை? எத்தனை நாள் உபவாசித்தால் கிடைக்கும்? பிள்ளைகள் முன் அழாமல் இருப்பதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்களுக்குப் பதில் சொல்வதற்கு முன், அந்த வசனத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நெகேமியா 8:10ஐ அவர்கள் கடைசி வரியிலிருந்து படித்திருக்கிறார்கள். அதே வசனம் இப்படித் தொடங்குகிறது: "நீங்கள் போய்க் கொழுமையானதைப் புசித்து, மதுரமானதைக் குடித்து, ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள்." மகிழ்ச்சியைப் பற்றிய பேச்சு வருவது அதற்குப் பிறகுதான். உங்களிடம் வசனத்தைக் கொண்டுவந்தவர்கள் கூடவே ஏதாவது பங்கு கொண்டுவந்தார்களா? ஒரு வேளைச் சாப்பாடு, பிள்ளைகளின் படிப்புக்கு ஓர் உதவி, ஒரு மாலை நேரம் பேச்சுத் துணை? கொண்டுவந்திருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள்.

அன்றைக்கு எருசலேமில் நடந்ததையும் பார்த்துவிடுவோம். ஏழாம் மாதம் முதல் தேதி. தண்ணீர் வாசலுக்கு முன்னே கூடிய ஜனங்களுக்கு வேதபாரகர் எஸ்றா காலை தொடங்கி மத்தியானம் வரை மோசேயின் நியாயப்பிரமாணத்தை வாசித்தார். அதைக் கேட்டு அவர்கள் அழுதார்கள். இத்தனை காலம் இப்படியா வாழ்ந்தோம் என்று மனச்சாட்சி குத்தியதால் வந்த அழுகை அது. அது பரிசுத்தமான நாள் என்பதால் அன்று விசாரப்பட வேண்டாம் என்றார்கள் தலைவர்கள். துணையை இழந்த ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அங்கே ஒன்றுகூட இல்லை. அடுத்த அதிகாரத்தைத் திருப்புங்கள்: அதே மாதம் 24ஆம் தேதி அதே ஜனங்கள் உபவாசம்பண்ணி, இரட்டுடுத்தி, தலையில் புழுதியைப் போட்டுக்கொண்டு கூடிவந்தார்கள். "போன வாரங்களில்தானே மகிழ்ச்சியாயிருங்கள் என்று சொன்னோம்?" என்று அவர்களுடைய ஆளுநர் நெகேமியா யாரையும் அதட்டவில்லை.

பரலோகத்தில் பார்க்கப்போகிறோமே, ஏன் அழ வேண்டும் என்ற கேள்விக்கு, இயேசுவின் நண்பன் லாசருவின் கல்லறையில் பதில் இருக்கிறது. அவனை எழுப்பப் போவதாக இயேசு முன்பே சீஷர்களிடம் சொல்லிவிட்டார். இன்னும் சிறிது நேரத்தில் லாசரு பிரேதக் கட்டுகளோடு வெளியே வரப்போகிறான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணீர் விட்டார். உயிர்த்தெழுதலை அவரைவிட உறுதியாக நம்புகிறவர்கள் உங்கள் சபையில் இருந்தால் அவர்கள் தாராளமாக உங்களுக்கு அறிவுரை சொல்லட்டும்.

இனி உங்கள் கேள்வி. மாறாத சந்தோஷம் உண்டா? உண்டு. நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் அது இல்லை. உங்கள் முகத்திலும் குரலிலும் தேடுகிறீர்கள்; அங்கே காணோம் என்றதும் விசுவாசத்தை எடுத்துத் தராசில் வைக்கிறீர்கள். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தைத்தான் எல்லோரும் சந்தோஷத்தின் நிருபம் என்கிறோம். "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பவுல் விலங்கு பூட்டப்பட்ட நிலையில் எழுதியது அதில்தான். அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து என்ற ஒருவர் வருகிறார். பிலிப்பி சபை கொடுத்தனுப்பிய உதவியைச் சுமந்துகொண்டு போனவர் அவர். போன இடத்தில் வியாதிப்பட்டுச் சாகும் நிலைக்குப் போய்விட்டார். அவர் பிழைத்ததைப் பற்றிப் பவுல் என்ன எழுதுகிறார் தெரியுமா? தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகாதபடிக்குத் தேவன் இரங்கினார் என்கிறார். ஏற்கெனவே ஒரு துக்கம் இருக்கிறது, அதன்மேல் இன்னொன்றைத் தாங்கியிருக்க மாட்டேன் என்று ஓர் அப்போஸ்தலன் ஒளிக்காமல் சொல்கிறார். துக்கமும் சந்தோஷமும் ஒரே மனிதனுக்குள் ஒரே நேரத்தில் இருந்திருக்கின்றன. ஒன்று வந்ததும் மற்றொன்று வெளியேறவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நிருபமே, உள்ளபடி பார்த்தால், கிடைத்த உதவிக்கு எழுதிய நன்றிக் கடிதம். "நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது" என்று நான்காம் அதிகாரத்தில் எழுதுகிறார். தனியாளாக முயன்று, பல்லைக் கடித்துக்கொண்டு வரவழைத்த சந்தோஷம் அல்ல அது. தூரத்தில் ஒரு சபை அவருக்காகச் செலவு செய்தது, ஒருவர் உயிரைப் பணயம் வைத்து நடந்தார். உங்களுக்கு அது வாய்க்கவில்லை என்றால் குறை உங்கள் விசுவாசத்தில் இல்லை.

சரி, அந்தச் சந்தோஷம் எதன்மேல் நிற்கிறது? பிடிபடுவதற்குச் சில மணி நேரம் முன்பு இயேசு சீஷர்களிடம் சொன்னதைப் படியுங்கள், யோவான் 16:22. "நீங்களும் இப்பொழுது துக்கமடைந்திருக்கிறீர்கள்" என்று தொடங்குகிறார். அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. பிறகு, "நான் மறுபடியும் உங்களைக் காண்பேன்" என்கிறார். உங்கள் சந்தோஷத்தை ஒருவனும் எடுத்துப்போடமாட்டான் என்ற வாக்கு அதைத் தொடர்ந்தே வருகிறது. அவர்கள் அவரை விடாமல் பிடித்துக்கொள்வார்கள் என்ற கணக்கில் அவர் அதைச் சொல்லவில்லை. அன்றிரவே அவர்கள் அவரை விட்டு ஓடிப்போனார்கள், ஒருவர் மறுதலித்தார். அப்படியும் அவர் அவர்களைக் காண வந்தார். பூட்டிய அறைக்குள் வந்து நின்றவர் முதலில் கைகளையும் விலாவையும் காண்பித்தார்; அதன்பிறகே சீஷர்கள் சந்தோஷப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. உயிர்த்தெழுந்த உடலிலும் காயத்தின் அடையாளம் இருந்தது. இதை விசுவாசிக்கிறீர்களா என்று கேட்டால் நீங்கள் ஆம் என்றுதான் சொல்வீர்கள். உங்கள் கடிதம் முழுவதும் அப்படித்தான் இருக்கிறது. அந்த "ஆம்" எத்தனை மெலிந்த குரலில் வந்தாலும் போதும். உணர்ச்சி பின்னால் வரலாம், வர நாளாகலாம்.

நாளாகலாம் என்று சொன்னதால் வில்லியம் கூப்பரைப் பற்றிச் சொல்கிறேன். 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர். 1779இல் போதகர் ஜான் நியூட்டனோடு சேர்ந்து வெளியிட்ட பாடல் தொகுப்பில் இவருடையவை அறுபதுக்கும் மேல். அவற்றில் சில இன்றும் பாடப்படுகின்றன. ஆனால் 1773இல் மனம் உடைந்தபின், தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் 1800இல் சாகும்வரை அவரை விட்டு முழுதாக நீங்கவேயில்லை. நியூட்டன் அவரிடம் வசனத்தை வீசிவிட்டுப் போயிருக்கலாம். அவர் செய்தது வேறு: உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலையில் இருந்த நண்பரைத் தம் வீட்டிலேயே ஒரு வருடத்துக்கும் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பரின் விசுவாசம் எத்தனை பலமானது என்று நான் அளக்கப் போவதில்லை. அவர் பாட்டைப் பாடி ஆறுதல் பெற்ற நமக்கு அந்தத் தகுதியும் இல்லை.

அதனால் உபவாசக் கணக்கை இப்போதைக்கு மூடி வையுங்கள். துக்கத்தில் ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாத ஒருவரை உபவாசிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியிடம் தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். தூதன் இரண்டாம் முறை வந்ததும் அதையே சொன்னான். உங்களுக்கும் தூக்கம் பிடிக்காமல் போனால், எழுந்து அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் நாட்கள் நீண்டால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே பாருங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லவும் செய்யுங்கள். ஜெபத்துக்கும் மருந்துக்கும் சண்டை மூட்டுகிறவர்கள் இந்த எலியாவின் கதையைப் படித்திருக்க மாட்டார்கள்.

ஆராதனைக்குப் போங்கள். உங்கள் மேல் எனக்குள்ள ஒரே குறை அங்கே போவதை நிறுத்தியதுதான். பாட வேண்டாம். கடைசி வரிசையில் உட்காருங்கள். மற்றவர்கள் பாடுவதைக் கேளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். உங்கள் சார்பாகப் பாடுவதற்குத்தான் சபை இருக்கிறது. அந்தச் சபையில் ஒருவர்கூட உங்களை அழ விடவில்லை என்றால் போதகரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அவரும் அதே வசனத்தைச் சொன்னால், அழ விடுகிற வேறொரு சபையைத் தேடுவதில் தவறில்லை.

பிள்ளைகள் முன் அழாமல் இருக்க வழி கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்ல மாட்டேன். அவர்களும் அப்பாவை இழந்தவர்கள். வீட்டில் பெரியவர்கள் யாரும் அழவில்லை என்றால், தங்களுக்கு வருகிற அழுகையில்தான் ஏதோ தவறு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நாஜிகளின் சிறையில் இருந்த ஜெர்மானியப் போதகர் தீத்ரிக் போன்ஹோஃபர், 1943 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எழுதிய கடிதத்தில், நாம் நேசித்தவர் இல்லாத வெற்றிடத்தைத் தேவன் நிரப்புகிறார் என்று சொல்வது சரியல்ல என்கிறார். அவர் அதை வெற்றிடமாகவே விட்டுவைக்கிறார், அதன்மூலம் அந்த உறவை வலியோடாவது காத்துக்கொள்ள உதவுகிறார் என்பது அவர் வாதம். நினைவின் வேதனையை அமைதியான சந்தோஷமாக மாற்றுவது நன்றிதான் என்றும் அதே இடத்தில் எழுதுகிறார். 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள்; வசதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய வரி அல்ல அது.

ஆகவே பிள்ளைகளோடு சேர்ந்து அழுங்கள். பிறகு அவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர் எதற்கெல்லாம் கோபப்படுவார், எந்தப் பாட்டைத் தப்பாகப் பாடுவார், அவர்கள் பிறந்த அன்று என்ன செய்தார் என்று சொல்லுங்கள். நடுவில் யாருக்காவது சிரிப்பு வந்தால் அடக்கச் சொல்லாதீர்கள், நீங்களும் அடக்காதீர்கள்.