மற்றவர்களும் செய்வார்களா? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் திருகோணமலை டச்சு விரிகுடாக் கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக் பற்றி எழுதும்போது, உலகம் முழுக்கச் சேர்ந்தால்தான் இதற்கு முடிவு வரும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். பாதிப் பேர் கோபமாக, பாதிப் பேர் ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். சரி, இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

"எங்கள் ஒழுங்கையில் 14 வீடுகள். குப்பையை எந்த இடத்தில் வைப்பது என்று அந்த 14 வீட்டாலேயே ஒத்துப்போக முடியவில்லை. 800 கோடிப் பேர் எப்படி ஒத்துப்போவார்கள்? மேடையில் பேசினால் கைதட்டுவார்கள், உண்மையில் நடக்குமா?"
உயர்தர மாணவி, மூதூர்

நடந்திருக்கிறது தங்கச்சி. வீட்டு பிரிட்ஜின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கரில் ஆர் 600ஏ என்றோ ஆர் 134ஏ என்றோ எழுதியிருக்கும். உங்கள் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்து பிரிட்ஜ்களில் ஆர் 12 என்ற வாயுதான் இருந்தது. சிஎஃப்சி என்று சொல்கிற வகை. 1974இல் மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள், இந்த வாயு மேலே போய்ச் சூரியக் கதிரில் உடைந்து, அதிலிருந்து வரும் குளோரின் ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று எழுதினார்கள். அதைத் தயாரித்த கம்பனிகள் வருடக்கணக்கில் மறுத்துக்கொண்டிருந்தன. 1985இல் அண்டார்ட்டிகாவுக்கு மேலே ஓசோன் மோசமாக மெலிந்துவிட்டது என்று பிரித்தானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். 1987 செப்டம்பர் 16ஆம் திகதி மொன்றியலில் உடன்படிக்கை.

அன்றைக்குக் கையெழுத்து வைத்தவை 24 நாடுகளும் ஐரோப்பியச் சமூகமும்தான். அவர்கள் ஒத்துக்கொண்டதும் சிஎஃப்சியைப் பாதியாகக் குறைக்க மட்டும்தான். இன்று ஐக்கிய நாடுகளின் எல்லா உறுப்பு நாடுகளும் உள்ளே இருக்கின்றன, இலங்கை 1989இலேயே சேர்ந்துவிட்டது. ஓசோனைக் கெடுக்கும் பொருள்களில் ஏறக்குறைய 99 வீதம் பாவனையிலிருந்து போய்விட்டது.

இது எப்படி நடந்தது என்பதைத்தான் நீங்கள் மேடையில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டதால் நடக்கவில்லை. ஓட்டை போட்டவர்கள் நீங்கள், செலவு மட்டும் எங்களுக்கா என்று இந்தியாவும் சீனாவும் வெளியே நின்றன. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 1990இல் லண்டனில் கூடி, வசதியான நாடுகள் காசு போடும் ஒரு நிதியத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். தொழிற்சாலைகளை மாற்றவும், பிரிட்ஜ் ஏசி திருத்துகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் அதிலிருந்து காசு போனது. வளரும் நாடுகளுக்குப் பத்து வருடம் கூடுதல் அவகாசம். அப்புறம் இரண்டு நாடுகளும் வந்து சேர்ந்தன. இன்னொரு பக்கம், சேராத நாட்டோடு இந்தப் பொருள்களை வாங்கவோ விற்கவோ கூடாது என்று விதி வைத்தார்கள், வெளியே நிற்பவனுக்கு அதுதான் நட்டம். வருடத்துக்கொரு தடவை கூடி, யார் செய்தார்கள், யார் செய்யவில்லை என்று பார்த்து, விதியை இறுக்கிக்கொண்டே போனார்கள்.

அண்டார்ட்டிகாவுக்கு மேலே ஓசோன் 1980இல் இருந்த நிலைக்குத் திரும்ப 2066 அளவில் ஆகும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். கையெழுத்து வைத்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்க்க உயிரோடு இருப்பார்கள்? ஆனாலும் வைத்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

உங்கள் ஒழுங்கைக்கு வருகிறேன். யாருமே தன் வீட்டு வாசலில் குப்பை நிரந்தரமாகக் கிடப்பதை விரும்பமாட்டார்கள், அதில் பிழையும் இல்லை. மாதத்துக்கு ஒரு வீட்டு வாசல் என்று முறை வையுங்கள், 14 மாதத்தில் ஒரு சுற்று. யாருடைய முறை என்பதை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு மதிலில் எழுதி வையுங்கள். முதல் மாதத்தை உங்கள் வீடு எடுத்துக்கொள்ளட்டும்.

"நான் தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையை, அந்த மெல்லிய நைலோன் வலையை, விட்டுவிட்டேன். பக்கத்தில் இன்னொருவன் டைனமைட் அடித்து, நான் ஒரு மாதம் கஷ்டப்பட்டுப் பிடிப்பதை ஒரு காலையில் அள்ளுகிறான். நான் மட்டும் ஏன் ஒழுங்காக இருக்க வேண்டும்?"
கடற்றொழிலாளர், திருகோணமலை வடக்குக் கரை

அண்ணன், உங்களை மட்டும் ஒழுங்காக இருக்கச் சொல்வது அநியாயம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தனி ஒருவருடைய நல்ல மனசை நம்பி நடத்துகிற எந்த ஏற்பாடும், நல்லவருக்கு நட்டத்தைத்தான் கொடுக்கும். கொஞ்ச நாளில் அவரும் அலுத்துப்போய் விட்டுவிடுவார்.

உங்கள் அப்பா, தாத்தா காலத்துக் கரைவலைப் பாடு, அதாவது கரையில் நின்று பெரிய வலையை இழுக்கிற இடம், அதை நினைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் இன்றைக்கு இவருடைய வலை, நாளைக்கு அடுத்தவருடையது என்று முறை. முறை தவறி ஒருவர் வலை வளைத்தால் கரையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். காவலுக்கென்று தனியாக ஆள் வைக்கத் தேவையில்லை, அடுத்த முறைக்காகக் காத்திருப்பவரே காவல்.

எலினோர் ஒஸ்ட்ரோம் என்று ஒரு அமெரிக்க ஆய்வாளர் இருந்தார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பொதுவான கடலையும் காட்டையும் மக்களிடம் விட்டால் அழித்துவிடுவார்கள் என்று படித்தவர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் ஒவ்வொரு ஊரிலும் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார். சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலம், ஜப்பானின் கிராமத்துக் காடு, நேபாளத்தின் வாய்க்கால். நூற்றாண்டுக் கணக்கில் மக்களே காப்பாற்றி வைத்திருந்த இடங்கள் அவற்றில் இருந்தன. அங்கெல்லாம் யார் உள்ளே, யார் வெளியே என்பது தெளிவாக இருந்தது. அந்த இடத்தைப் பாவிக்கிறவர்களே விதியை எழுதினார்கள், அவர்களே கண்காணித்தார்கள். மீறினால் முதலில் சின்னத் தண்டம், திரும்பவும் மீறினால் பெரிசு.

நம் நாட்டுத் தெற்குக் கரையில் மாவெல்ல என்ற இடத்தின் கரைவலையையும் அவர் எடுத்துப் பேசியிருக்கிறார். அங்கே முறை ஒழுங்காகத்தான் நடந்தது, ஆனால் வலைகளின் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பைக் காப்பாற்ற முடியாமல் போனது. வலை கூடக் கூட ஒவ்வொருவருக்கும் கிடைக்கிற முறை குறைந்து, வருமானமும் குறைந்தது. ஒரு விதி நன்றாக இருந்து, அதற்குத் துணையாக நிற்க வேண்டிய விதி இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

டைனமைட் சட்டத்தில் எப்போதோ தடை. அது உங்களுக்கு உதவவில்லை, ஏனென்றால் நடுக்கடலில் பார்க்க ஆள் இல்லை. ஆனால் மீன் கரைக்கு வந்தாக வேண்டுமே! குண்டில் செத்த மீனின் நடுமுள் உடைந்திருக்கும், உள்ளே குடல் கலங்கிக் கிடக்கும், உங்களுக்கும் ஏலம் எடுக்கிறவருக்கும் அது தொட்டவுடன் தெரியும். அந்த மீனை எங்கள் ஏலத்தில் எடுப்பதில்லை என்று உங்கள் சங்கம் மட்டும் முடிவெடுத்தால் மீன் பக்கத்து ஊர் ஏலத்துக்குப் போகும். அதனால் பக்கத்து ஊர்ச் சங்கங்களையும், தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று பார்க்காமல், ஒரே மேசைக்குக் கூப்பிட வேண்டும். கஷ்டமான வேலைதான். இருந்தாலும், நடுக்கடலில் ஒருவரை ஒருவர் துரத்துவதை விட இது லேசு.

"காலநிலையைக் கெடுத்தது பணக்கார நாடுகள். 2021இல் உரத்தைப் பறித்தது எங்களிடம். இனி உலக நன்மை என்று யார் வந்தாலும் கதவைத் திறக்கமாட்டேன்."
நெல் விவசாயி, தம்பலகாமம்

கேள்வியே இல்லாத கடிதம், ஆனாலும் பதில் சொல்ல வேண்டும் போல இருந்தது. 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்த முடிவெடுத்தார்கள், நவம்பரில் கைவிட்டார்கள். இடையில் போன விளைச்சலுக்கு யார் பொறுப்பு? அது மேலே இருந்து வந்த உத்தரவு. உங்களைக் கேட்கவில்லை, மாற்று உரம் போதிய அளவு கையில் இல்லை, நட்டத்துக்கு ஈடும் முதலில் சொல்லவில்லை. அதை ஒத்துழைப்பு என்ற பெயரில் எண்ணாதீர்கள்.

ஒத்துழைப்பு என்றால் என்ன என்பதை நீங்கள் ஒவ்வொரு போகமும் செய்கிறீர்கள். ஆரம்பக் கூட்டத்தில் குளத்து நீர்மட்டத்தைச் சொல்லி, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று சண்டை பிடித்தாவது முடிவெடுக்கிறீர்கள். வட்டவிதானை வாய்க்காலைப் பார்த்துக்கொள்கிறார். தண்ணீர் குறைவான வருடத்தில் மேல் வயலை மட்டும் விதைத்து, கீழ் வயல்காரருக்கும் அதில் பங்கு பிரித்துக் கொடுக்கிற வழக்கம் இந்த நாட்டில் பல நூறு வருடப் பழக்கம், சிங்களத்தில் பெத்ம என்பார்கள். தன் வயல் தரிசாகக் கிடந்தாலும் தன் வீட்டுக்கு நெல் வரும் என்று தெரிந்தால்தான் கீழ் வயல்காரர் சம்மதிப்பார்.

உலக அளவில் கெட்டுப்போயிருப்பது இந்த இடம்தான். 2020இலிருந்து வருடத்துக்கு 10,000 கோடி டொலர் ஏழை நாடுகளுக்குத் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன, அந்தத் தொகையை முதல் தடவையாக எட்டியது 2022இல். 2015 பாரிஸ் உடன்படிக்கையில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே சொல்கிறது, எட்டாவிட்டால் தண்டம் இல்லை. உங்கள் சந்தேகம் நியாயம். ஆனால் கதவை மூடாதீர்கள். ஓசோனில் இந்தியாவும் சீனாவும் செய்ததுபோல், கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நில்லுங்கள்.

"பகையாளிகள் சேர்ந்து ஒரு காரியம் செய்ததுண்டா?"
ஓய்வுபெற்ற அலுவலர், உவர்மலை

உண்டு ஐயா. வைசூரி என்கிற பெரியம்மை. அம்மாளாச்சி என்று வேப்பிலை கட்டிக் கும்பிட்டு, பிள்ளைகளைப் பறிகொடுத்த வருத்தம் அது. 1958இல் உலக சுகாதார மாநாட்டில் அதை அடியோடு ஒழிக்கலாம் என்று பிரேரித்தது சோவியத் ஒன்றியம். 1967இல் தொடங்கிய தீவிர இயக்கத்துக்குத் தலைமை தாங்கியது ஒரு அமெரிக்க வைத்தியர். அணுகுண்டை ஒருவர் மேல் ஒருவர் குறிவைத்திருந்த காலத்தில், ஒருவர் உலர்த்திய தடுப்பு மருந்தைக் கோடிக்கணக்கில் கொடுக்க, மற்றவர் ஆளும் காசும் கொடுக்க, 1977இல் சோமாலியாவில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளியோடு அது நின்றது. 1980இல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 1990களின் நடுவில், நம் யுத்தம் உச்சத்தில் இருந்தபோது, போலியோ சொட்டு மருந்து கொடுக்கிற நாட்களில் இரண்டு பக்கமும் துவக்கை இறக்கி வைக்க ஒத்துக்கொண்டன. வேறு எதிலும் உடன்படாதவர்கள் பிள்ளைகளின் கால்களைக் காப்பாற்றுவதில் உடன்பட்டார்கள். மலேரியாவும் அப்படித்தான், சண்டை நடந்த இடங்களுக்குள்ளும் அந்த வேலை நிற்கவில்லை.

மலேரியா இன்னொன்றையும் சொல்லித் தந்தது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 1963இல் இலங்கை முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா. முடிந்துவிட்டது என்று கை தளர்ந்தது, 1968, 69இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்தது. திரும்பவும் தொடங்கி, 2016 செப்டம்பரில்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. 17க்கும் பூச்சியத்துக்கும் இடையில் ஏறக்குறைய 50 வருடம்.

"பிளாஸ்டிக்குக்கும் அப்படி ஒரு உலக ஒப்பந்தம் வருமா?"
கல்லூரி மாணவர், கிண்ணியா

2022இல் பேச ஒத்துக்கொண்டார்கள். 2024இல் பூசானிலும் 2025 ஓகஸ்டில் ஜெனீவாவிலும் கூடி, முடிவில்லாமல் கலைந்தார்கள். உற்பத்தியையே குறைக்க வேண்டும் என்று ஒரு பக்கம், கழிவை மட்டும் பார்த்தால் போதும் என்று எண்ணெய் நாடுகள் மறுபக்கம். நான் முதல் பக்கம். வரும் என்று நம்புகிறேன்.

"சுனாமி ஒத்திகை என்று கூப்பிட்டு வெயிலில் நிற்க வைக்கிறார்கள். அம்மாவுக்கு 78 வயது, நடக்க ஏலாது. 2012இலும் ஓடினோம், ஒன்றும் வரவில்லை. இனியும் போக வேண்டுமா?"
தாயார் ஒருவர், நிலாவெளி

2012 ஏப்ரல் 11 எனக்கும் நினைவிருக்கிறது. மதியம் இரண்டு மணி தாண்டி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவு நிலநடுக்கம். கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் பொலிஸ் வாகனமும் ஒன்றாகக் கத்த, நாங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். பெரிய அலை வரவில்லை. வீடு திரும்பும்போது சிலர் ஏசினார்கள், நான் அழுதேன். ஏனென்றால் 2004 டிசம்பர் 26 காலையில் அதே சுமாத்திராப் பக்கமிருந்து அலை நம் கரைக்கு வர ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் எடுத்தது. அவ்வளவு நேரம் இருந்தும் நம்மிடம் சொல்ல ஒருவர் இல்லை. பசிபிக் சமுத்திரத்துக்கு 1960களிலிருந்தே நாடுகள் சேர்ந்து நடத்திய எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது, நம் சமுத்திரத்துக்கு இல்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டவர்கள் போன பிறகுதான் வந்தது. இன்று இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா மூன்றும் இருபதுக்கு மேற்பட்ட நாடுகளுக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அந்தச் செய்தி கொழும்பு வந்து, திருகோணமலை வந்து, உங்கள் படலை வரைக்கும் வந்துவிடும். படலையிலிருந்து அம்மாவை யார் தூக்குவது என்பதை மட்டும் ஜகார்த்தாவிலிருந்து யாரும் தீர்மானிக்க முடியாது. அதனால் போங்கள், ஆனால் வெயிலில் நிற்க வைப்பதை ஏற்காதீர்கள். கிராம உத்தியோகத்தரிடம், எங்கள் வீட்டில் நடக்க ஏலாத ஒருவர் இருக்கிறார், பெயரை எழுதுங்கள் என்று சொல்லுங்கள். ஒழுங்கையில் ஓட்டோ வைத்திருக்கிற ஒருவரைப் பிடித்து, அடுத்த ஒத்திகைக்கு அம்மாவை அதில் ஏற்றி மேட்டுக்குப் போய்ப் பாருங்கள், எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று. அந்த நிமிடக் கணக்கை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.