2000 மடங்கு நுண்ணோக்கியில் மைட்டோகாண்ட்ரியா ஏன் தெரிவதில்லை?

கேள்வி: கடலூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஆன்லைனில் 2000 மடங்கு என்று போட்டிருந்த நுண்ணோக்கி ஒன்றை வாங்கினோம். அயோடின் போட்ட வெங்காயத் தோலில் உட்கரு நன்றாகத் தெரிகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, புரதங்களைப் பொதிந்து அனுப்பும் கோல்கி உறுப்பு எதுவும் தெரியவில்லை. கருவி கோளாறா? 5000 மடங்கு வாங்கினால் தெரியுமா?

பதில்: கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. 5000 மடங்குக்குப் பணம் கட்டிவிடாதீர்கள், டீச்சர்.

ஆப்ஜெக்டிவ் லென்ஸின், அதாவது ஸ்லைடுக்கு அருகில் இருக்கும் லென்ஸின், பக்கவாட்டைப் பாருங்கள். 40/0.65, 100/1.25 என்று பொறித்திருக்கும். விளம்பரத்தில் வருவது முதல் எண். வேலை செய்வது இரண்டாவது எண்தான். அதை நியூமரிகல் அபெர்ச்சர் என்பார்கள்; எவ்வளவு அகலமான கோணத்தில் வரும் ஒளியை அந்த லென்ஸ் வாங்கிக்கொள்கிறது என்பதன் அளவு அது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரியுமா என்பது இந்த எண்ணையும் ஒளியின் அலைநீளத்தையும் பொறுத்தது என்று 1873-இல் எர்ன்ஸ்ட் அபே காட்டினார். பச்சை ஒளியில் கணக்குப் போட்டால் 40 லென்ஸுக்கு ஏறக்குறைய அரை மைக்ரான், 100 லென்ஸுக்குக் கால் மைக்ரான் வரும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்கும் கீழே உள்ள நுணுக்கம் கலங்கி ஒன்றாகிவிடும். லென்ஸில் உள்ள அந்த இரண்டாவது எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் வருவதுதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்சம். உங்களுக்கு அது 1250. அதற்கு மேல் 20 மடங்கு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டு 2000 என்று சொல்வது, வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை விரலால் பெரிதாக்குவது மாதிரி.

சரி, மைட்டோகாண்ட்ரியாவின் அகலம் அரை முதல் ஒரு மைக்ரான். கணக்குப்படி 100 லென்ஸில் தெரிய வேண்டும். தெரியாததற்குக் காரணம் அதற்கு நிறமே இல்லை என்பதுதான். சுற்றியுள்ள சைட்டோபிளாசமும் கண்ணாடி, அதுவும் கண்ணாடி. நீங்கள் போடும் அயோடின் உட்கருவை எடுத்துக்காட்டும். ஆனால் செல்லைக் கொன்றுவிடும், மைட்டோகாண்ட்ரியாவுக்கும் நிறம் ஏற்றாது.

இதற்கு ஜானஸ் கிரீன் பி என்ற சாயம் இருக்கிறது. உயிருள்ள செல்லில் போட வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி அந்தச் சாயத்தை நீலப்பச்சையாகவே வைத்திருக்கும். மற்ற இடங்களில் அது நிறம் இழந்துவிடும். பள்ளித் தராசில் மில்லிகிராம் எடை போட முடியாது என்பதால் இப்படிச் செய்யுங்கள்: 0.1 கிராம் சாயத்தை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு 5 சதவீதச் சர்க்கரைக் கரைசல் சேருங்கள். வீட்டுச் சர்க்கரையே போதும். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் புதிதாக ஒரு காலிஃபிளவர் வாங்கி, பூவின் வெளிவிளிம்பை பிளேடால் எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு சீவுங்கள். சாயத்தில் பத்து, பதினைந்து நிமிடம் வைத்து, சர்க்கரைக் கரைசலிலேயே கவர்ஸ்லிப் போட்டு, லேசாக அழுத்துங்கள். 40-இல் ஃபோகஸ் செய்துவிட்டு ஒரு சொட்டு இம்மர்ஷன் ஆயில் விட்டு 100-க்குத் திருப்புங்கள். ஆயில் இல்லாமல் அந்த 100 லென்ஸால் பிரயோசனம் இல்லை. மேடைக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். விலை குறைந்த கருவிகள் சிலவற்றில் வெறும் துளைத்தட்டுதான் இருக்கும். எல்லாம் சரியாக அமைந்தால் நீலப் புள்ளிகள் தெரியும். அவைதான் மைட்டோகாண்ட்ரியா. அவற்றின் உள்மடிப்புகள் தெரியாது.

அந்த மடிப்புகளை 1950-களின் தொடக்கத்தில் பாலேடு, ஷியோஸ்ட்ராண்டு என்ற இரு செல் ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் பார்த்தார்கள். பாடப்புத்தகப் படம் அங்கிருந்து வந்தது. கோல்கி உறுப்பை 1898-இலேயே கமில்லோ கோல்கி வெள்ளி உப்புச் சாயத்தில் நரம்பு செல்லில் கண்டார் என்பது உண்மை. ஆனால் அது சாயம் செய்த கோலம் என்று சந்தேகித்தவர்கள் எலக்ட்ரான் படங்கள் வரும்வரை இருந்தார்கள். வகுப்பில் அதை முயல வேண்டாம். புரதம் தயாரிக்கும் ரைபோசோம் 20 முதல் 30 நானோமீட்டர் (ஒரு மைக்ரான் ஆயிரம் நானோமீட்டர்), அதை மறந்துவிடலாம்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியைக் காட்ட, காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போக நினைத்தால், பள்ளிக் கடிதத்தாளில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஒன்று மட்டும்: ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி பொதுவாக மேற்பரப்பைக் காட்டுவது. மகரந்தத்தூள் கொண்டு போனால் பிரமாதமாக இருக்கும். செல்லுக்குள் பார்க்க டிரான்ஸ்மிஷன் வகை வேண்டும். அதற்கு ஆஸ்மியம் டெட்ராக்சைடில் பதப்படுத்தி, ரெசினில் புதைத்து, 100 நானோமீட்டருக்கும் மெல்லியதாகச் சீவ வேண்டும். ஒரு நாள் சுற்றுலாவில் நடக்காது.

என்னைக் கேட்டால் முதல் வகுப்பை ஹைட்ரில்லா இலையில் தொடங்குவேன். சாயமே வேண்டாம். இலை இரண்டு செல் அடுக்குதான். நடுநரம்பை ஒட்டிய செல்களை விளக்கொளியில் சில நிமிடம் வைத்தால் பசுங்கணிகங்கள் வரிசையாக ஊர்ந்து சுற்றும். பிள்ளைகள் இடத்தை விட்டு எழ மாட்டார்கள். ஊசுட்டேரியில் பறிக்க வேண்டாம், அது பறவைகள் சரணாலயம். மீன் தொட்டிக் கடையில் கேளுங்கள்.

அப்புறம், கடலோரக் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஆயிலை அன்றன்றே லென்ஸ் பேப்பரால் துடைத்துவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல ஜெல் ரோஸ் நிறமானால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். உள்பக்கம் ஏற்கெனவே நூல் நூலாக ஓடியிருந்தால் நீங்களே கழற்றாதீர்கள், பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.