வாய்க்குக் காவல்: சுங்கை சிப்புட் சபையில் கேட்ட கேள்விகள்

லெந்து நாள்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில்) வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேத்தண்ணி குடித்தபடி கேள்வி கேட்பது மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் லுத்தரன் சபையில் வழக்கம். இந்த வாரம் எண்ணத்தையும் நாவையும் காப்பது பற்றிப் பேசினோம். ஞாயிறு பள்ளியில் வெகு காலமாகப் பாடம் எடுப்பவன் என்பதால் பதில் சொல்ல என்னை உட்காரவைத்தார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு எழுதித் தருகிறேன்.

கேள்வி: ஐயா, ஜெபக் குறிப்பு என்று ஒருவருடைய வீட்டு விஷயத்தைக் கூட்டத்தில் சொல்கிறோமே, அது புறங்கூறுதலா?

பெரும்பாலும் ஆமாம், அம்மா. நம் சபையின் பெரிய வியாதியே இதுதான் என்று நினைக்கிறேன். "பாவம், அந்தப் பிள்ளைக்காக ஜெபிக்கணும்" என்று ஆரம்பிக்கிறோம். ஆமென் சொல்வதற்குள் அந்தப் பிள்ளை யார் மோட்டார் சைக்கிளில் ஏறினாள், எந்தத் தாமானில் (குடியிருப்பில்) இறங்கினாள் என்பது வரை வந்துவிடுகிறது.

நானும் இதைச் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒருவர் ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரனிடம்) கடன் வாங்கிச் சிக்கியதை என்னிடம் அழுது சொன்னார். அந்த வாரமே வீட்டு ஜெபக் கூட்டத்தில் அவருக்காக ஜெபிக்கக் கேட்டேன். பெயரைச் சொல்லவில்லை. எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்குப் பெயர் எதற்கு? எந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு) என்று கோடி காட்டினாலே போதும். மறு வாரம் பாசாரில் (சந்தையில்) அவர் மனைவியிடமே யாரோ விசாரித்திருக்கிறார்கள். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்றார், தேத்தண்ணியும் கொடுத்தார். ஆனால் அந்தக் குடும்பம் சபைக்குத் திரும்பி வரவில்லை.

என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர். கத்தி பட்டையோடு நிற்கவேண்டும், உள்ளே மரத்தில் படக்கூடாது என்பார். பட்டால் மரம் செத்துப்போகாது. ஆனால் அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும், மறுபடி அங்கே ஒழுங்காக வெட்டமுடியாது. அந்தக் குடும்பத்தை நினைக்கும்போதெல்லாம் அந்த முண்டுதான் ஞாபகம் வருகிறது.

சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில், பத்துக் கற்பனைகளில் (கட்டளைகளில்) "பொய்ச்சாட்சி சொல்லாதே" என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. (நமக்கு அது எட்டாம் கற்பனை, மெதடிஸ்ட் சபையாருக்கு ஒன்பதாவது.) பொய் சொல்லாமல் இருந்தால் போதும் என்று அவர் விடவில்லை. பிறனுக்காகப் பரிந்து பேசு, அவனைப் பற்றி நல்லதைச் சொல், அவன் செய்ததை நல்ல அர்த்தத்திலேயே எடுத்துக்கொள் என்கிறார். உண்மையைச் சொல்லியே ஒருவரை அழித்துவிடலாம் என்று தெரிந்த மனுஷன்தான் அப்படி எழுதமுடியும்.

அதனால் சம்பந்தப்பட்டவர் சொல்லச் சொன்னாரா என்று முதலில் பாருங்கள். சொல்லவில்லையென்றால், "கஷ்டத்தில் இருக்கிற ஒரு குடும்பத்துக்காக ஜெபிப்போம்" என்பதோடு நிறுத்துங்கள். மற்ற விவரம் ஆண்டவருக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழுவுக்கும் இதேதான்.

கேள்வி: அண்ணே, நான் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் (வேலையாள்களை மேய்க்கிற கங்காணி). திட்டாவிட்டால் குலை ரோட்டுக்கு வராது. என்ன செய்வது?

தம்பி, கண்டிப்பு வேறு, வசவு வேறு. "உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விட்டிருக்கிறாய், திரும்பப் போய்ப் பொறுக்கு" என்று உரக்கவே சொல்லலாம். அவன் அம்மாவை இழுப்பதும் அவன் நாட்டை இழுப்பதும் எதற்கு? மலை உபதேசத்தில் இயேசு கண்டிக்கிற "ராகா" என்ற சொல், "ஒன்றுமில்லாதவனே" என்கிற மாதிரியான வசவு. நம் பைபிளில் "வீணன்" என்று போட்டிருக்கிறது. கொலைக் குற்றத்தைப் பற்றிப் பேசுகிற அதே இடத்தில் அதைப் பேசுகிறார். பங்களாதேஷ் பையன்களைக் கூப்பிட நம் ஆட்கள் வைத்திருக்கிற சொற்களைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. நம் தாத்தாக்களையும் துரைமார் அப்படித்தானே கூப்பிட்டார்கள். முதலில் அவர்கள் பெயரைக் கற்றுக்கொள்.

கேள்வி: அங்கிள், அம்மாவுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். "வியாதி என்று வாயால் சொல்லாதே, சொன்னால் அப்படியே ஆகும்" என்று ஒரு ஊழியர் சொன்னார். வலிக்கிறது என்று சொல்லவே அம்மா பயப்படுகிறார்.

உன் அம்மா வலியைச் சொல்லட்டும், மா. "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்" என்ற நீதிமொழிகள் 18:21ஐத்தான் அவர் எடுத்திருப்பார். கோள், வழக்கு, சண்டை என்று மனுஷருக்குள் வார்த்தை செய்கிற வேலையைச் சொல்லும் அதிகாரம் அது. நாம் சொன்னதும் சொன்னபடி உண்டாகும் என்று அதில் இல்லை. அப்படி உண்டாக்குகிறவர் ஒருவர்தான்.

"துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று தன் உடன் ஊழியனைப் பற்றிப் பவுல் வெளிப்படையாகவே எழுதினார். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் கேட்கிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. ஆண்டவர் சிலுவையில் "என்னை ஏன் கைவிட்டீர்" என்று கதறினார். வாயைக் காப்பது என்றால் வலியை மறைப்பது என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே களைத்துப்போன அம்மாவின் தலையில் இந்தப் பயத்தையும் ஏற்றிவிட்டார்களே என்று எனக்குக் கோபம் வருகிறது. இன்றைக்கு ராத்திரி 13ஆம் சங்கீதத்தை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு.

கேள்வி: நான் மாமியாரிடம் மூன்று மாதமாகப் பேசுவதில்லை. பேசினால்தானே பாவம்?

பேசாமல் இருப்பதும் ஒரு பேச்சுதான், தங்கச்சி. அவருக்கு அது நன்றாகவே கேட்கிறது. சூரியன் மறையுமுன் எரிச்சல் தணியவேண்டும் என்று எபேசியர் 4:26 சொல்கிறது. மூன்று மாதத்தில் எத்தனை சூரியன் மறைந்துவிட்டது! நாளைக்கு "சாப்பிட்டீங்களா அத்தை" என்று மட்டும் கேளுங்கள். நியாயத்தை அப்புறம் பேசலாம்.

கேள்வி: ராத்திரி போனில் பார்க்கக்கூடாததைப் பார்க்கிறேன்.

போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுப் படு. எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள். நம்பிக்கையான ஓர் அண்ணனிடம் இதைச் சொல். தனியாகப் போராடாதே.

கடைசிக் கேள்வி, எல்லோரும் போனபிறகு ஒரு தம்பி கேட்டது. எழுத அனுமதி கொடுத்தான்: ஜெபிக்க முழங்கால் போட்டவுடன் கடவுளைத் திட்டுகிற வார்த்தைகள் தானாக மனதில் வருகின்றன. விரட்ட விரட்ட அதிகமாகிறது. எனக்கு மன்னிப்பு உண்டா?

தம்பி, அந்த எண்ணத்தை நீ கூப்பிடவில்லை, வந்ததும் நடுங்குகிறாய். விரும்பி நாற்காலி போட்டு உட்காரவைக்கிற எண்ணம் வேறு, கதவை உடைத்துக்கொண்டு வருகிற எண்ணம் வேறு. மோட்சப் பிரயாணம் எழுதிய ஜான் பனியனுக்கு, "கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு" என்று நாள்கணக்கில் மனதுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. தனக்கு இரட்சிப்பே போய்விட்டது என்று அவரும் பயந்தார். போகவில்லை.

விரட்டாதே. விரட்டினால் கூடத்தான் செய்யும். "இது என் வார்த்தை இல்லை" என்று விட்டுவிட்டு, பரமண்டல ஜெபத்தை நிறுத்தின இடத்திலிருந்து தொடர்ந்து சொல். அதோடு டாக்டரையும் பார்க்கவேண்டும். இப்படி எண்ணம் சுழன்று சுழன்று வருகிற நோய் ஒன்று உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு. "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று, அங்கே மனநல ஆஸ்பத்திரி இருப்பதை வைத்து ஊரில் கேலி பேசுகிறார்களே என்று நீ பயப்படுவது தெரிகிறது. அந்தக் கேலியை நானும் பேசியிருக்கிறேன், இனி பேசமாட்டேன். அரசாங்கக் கிளினிக்கில் பதிவு செய்ய ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). செவ்வாய்க்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்குமுன் உன் அம்மாவிடம் நீ சொல்கிறாயா, நான் வந்து சொல்லட்டுமா?