கொழுந்துக் கணக்கும் ஸ்மார்ட் ஒப்பந்தமும்: கோத்தகிரியில் கேட்ட கேள்விகள்

தர்க்க நிரலாக்கம் என்பது என்ன, அக்கா? (கல்லூரி மாணவி, ஊட்டி)

மற்ற நிரல்களில் இதைச் செய், அப்புறம் அதைச் செய் என்று வரிசை சொல்வோம். இதில் எது எப்போது உண்மை என்று எழுதினால் போதும், விடையை அதுவே தேடும். 1972-இல் பிரான்சின் மார்செய் நகரில் உருவான புரோலாக் என்ற நிரல் மொழி இந்த வகை. 'தேயிலைக் கொழுந்தை எடை போட்டு, தரத்தையும் ஒத்துக்கொண்டிருந்தால் விவசாயிக்குப் பணம் சேரணும்.' ஒப்பந்தம் பேசும்போது நாம் சொல்வதும் இப்படித்தானே? அதை நிரலாக எழுதி, நிபந்தனை நிறைவேறியதும் பணம் தானாகப் போகும்படி வைத்தால் அதுதான் ஸ்மார்ட் ஒப்பந்தம். 1986-இல் தர்க்க நிரலாக்க முன்னோடி கோவால்ஸ்கியும் கூட்டாளிகளும் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தையே புரோலாக்கில் எழுதிக் காட்டினார்கள்.

இலை கொடுத்தால் பணம் தானாக வந்துவிடுமா? (சிறு விவசாயி, கட்டபெட்டு)

வரும் அண்ணே, விதி சரியாக இருந்தால். இந்த மொழிகளில் நிரூபிக்க முடியாததைப் பொய் என்றே எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. மழையில் சிக்னல் போய் அன்றைய எடை ஏறவில்லை என்றால், நீங்கள் கொடுத்த 40 கிலோ கொடுக்காததாகிவிடும். 'பதிவு இல்லை' என்பது வேறு, 'இலை வரவில்லை' என்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனி விதி எழுதச் சொல்லுங்கள், விடாமல் கேளுங்கள். ஸ்மார்ட் ஒப்பந்தம் ஓடுவது பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டில். அதற்குத் தராசும் தெரியாது. ஏஜென்ட் போடும் எடையை நீங்களும் உங்கள் போனில் ஒப்புக்கொண்ட பிறகே அந்த எடை செல்லும் என்று இன்னொரு விதியும் வேண்டும்.

விதி முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால்? (மென்பொருள் பணியாளர், குன்னூர்)

புரோலாக்கில் அது நடக்கும். அதன் எளிய வடிவமான டேட்டாலாக் மொழியின் அடிப்படை வடிவில் எழுதினால் கட்டாயம் முடிந்துவிடும். பணக் கணக்குக்கு நான் அதைத்தான் சொல்வேன். கூட்டல், பெருக்கலைச் சேர்க்கும்போது மட்டும் அந்த உறுதி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குவாண்டம் பாதுகாப்பு இருந்தால் திருட்டே நடக்காதா? (அவரே)

குவாண்டம் பாதுகாப்பு என்பது, குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாதபடி அமைத்த டிஜிட்டல் கையெழுத்து; பணத்துக்கு அது ஒரு பூட்டு மாதிரி. அது மட்டும் போதாது. 2016-இல் 'தி டிஏஓ' என்ற ஸ்மார்ட் ஒப்பந்தத்திலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் (ஒரு டிஜிட்டல் நாணயம்) போனது. யாரும் கையெழுத்தை உடைக்கவில்லை. கணக்கில் கழிப்பதற்கு முன்பே பணத்தை அனுப்பும்படி நிரல் எழுதியிருந்தார்கள், அந்த ஓட்டை போதுமாக இருந்தது. பூட்டை மாற்றினாலும் அது அடைபடாது.

அப்படியானால் பூட்டை ஏன் மாற்றணும்? (அதே மாணவி)

1994-இல் கணிதவியலாளர் ஷோர் கண்டுபிடித்த வழிமுறை, போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி வந்தால் பிளாக்செயின்களில் இன்று பரவலாக இருக்கும் நீள்வட்ட வளைவு என்ற கணித முறைக் கையெழுத்துகளை உடைத்துவிடும். அதற்கு மாற்றாக அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் எம்எல்-டிஎஸ்ஏ என்ற கையெழுத்து முறையைத் தரப்படுத்தியது. ஆனால் இப்போது 64 பைட் பிடிக்கிற கையெழுத்து, அதில் குறைந்தது 2,420 பைட். மூட்டைக்கு ஒன்று போட்டால் தாங்காது. ஒரு நாள் எடைகளை எல்லாம் சேர்த்து, ஆளுக்கு ஒரே கையெழுத்தாகப் போடுங்கள்.