மலர் ரீச்சரின் முகப்பரு

வாசகர் கேள்விகளுக்குக் கல்லடி அக்காவின் பதில்கள்

கேள்வி: அக்கா, மணப்பெண் அலங்காரம்தான் உங்கள் தொழில். அப்படியிருக்க, முகப்பரு தெரிய நடிக்கும் சாய் பல்லவியைப் போன இதழிலும் புகழ்ந்திருந்தீர்கள். உங்களால் அவரை எப்படி ரசிக்க முடிகிறது?
- ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, பூச்சுப் பூசிப் பிழைக்கிறவள் என்பதால்தான் அந்த முகத்தின் அருமை எனக்குக் கூடுதலாகத் தெரிகிறது. இருபது வருடமாகப் பெண்களின் கன்னத்தைத் தொட்டு வேலை செய்கிறேன். பவுடரை எவ்வளவு நயமாக ஒற்றினாலும், சிரிக்கும்போதும் அழும்போதும் அது தோலுக்கு மேலே ஒரு படலமாகவே நிற்கும். 2015இல் வந்த ‘பிரேமம்’ மலையாளப் படத்தில் சாய் பல்லவி நடித்த மலர் ரீச்சரின் முகத்தில் அந்தப் படலம் இல்லை. தொழில் புத்தியில் என் கண் முதலில் பருக்களைத்தான் எண்ணியது. மாணவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க அவர் ஆடத் தொடங்கினாரே, அந்த இடத்தில் எண்ணுவதை மறந்துவிட்டேன்.

போன ஆவணியில் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு மணப்பெண் வந்தாள். கதிரையில் உட்கார்ந்ததுமே கைக்குட்டையால் தாடையை மறைத்துக்கொண்டாள். கூட வந்த மாமி, “நிறத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்” என்றார். பிள்ளை ஒன்றும் பேசாமல் போனை எடுத்து மலர் ரீச்சரின் படத்தைக் காட்டினாள். “இவ்வளவும் போதும் அக்கா.” அவளுடைய நிறத்துக்கே பொருந்தும் ஃபவுண்டேஷனைத் தொட்டும் தொடாமலும் வைத்தேன். கண்ணுக்கு மை, நெற்றிச்சுட்டி, கொண்டைக்கு மல்லிகை. தாலி ஏறும்போது பிள்ளை விம்மி அழுதாள். முகத்தில் ஒரு கோடும் வழியவில்லை.

முகத்தை வெள்ளையாக்கும் கிறீம் விளம்பரம் ஒன்றைச் சாய் பல்லவி மறுத்த செய்தி 2019இல் வந்தது. சம்பளம் இரண்டு கோடி இந்திய ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. பணத்தைவிட அவர் சொன்ன காரணம்தான் எனக்குப் பெரிது. மரக்கறியும் பழமும் சாப்பிட்டால் நிறம் கூடும் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார்; பிடிக்காவிட்டாலும் அந்தச் சின்னப்பிள்ளை அதை நம்பிச் சாப்பிட்டிருக்கிறது. அது அவர் மனத்தை வருத்தியிருக்கிறது. அந்தச் செய்தியை வாசித்த கிழமையே என் கடைத் தட்டிலிருந்து அந்த வகைக் கிறீம்களை எடுத்துவிட்டேன். இன்றுவரை திரும்ப வைக்கவில்லை.

கேள்வி: வைத்தியம் படித்த சாய் பல்லவி நடிக்கப் போனது படிப்பை வீணாக்கிய வேலையல்லவா?
- ஒரு தகப்பன், அக்கரைப்பற்று

பதில்: ஐயா, ‘பிரேமம்’ வெளியாகிப் பெயர் பரவிய பிறகும் அவர் படிப்பைக் கைவிடவில்லை. ஜோர்ஜியாவில், திபிலிசியில், 2016இல் வைத்தியப் படிப்பை முடித்தார். கைதட்டல் கேட்ட காதோடு பரீட்சை எழுத உட்காருவது லேசான காரியமா? உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை எதையோ கேட்டுக்கொண்டு நிற்கிறாள் போலத் தெரிகிறது. அவள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: சாய் பல்லவி ஆட்டக்காரியா, நடிகையா?
- கூத்து ஆடும் ஒரு தம்பி, கன்னங்குடா

பதில்: தம்பி, கூத்து மேடையான களரியில் நின்ற நீங்களே இந்த இரண்டையும் பிரிக்கலாமா? என் பெரியப்பா கூத்துப் பழக்கும் அண்ணாவியார். மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு, “கால் தாளத்தில் நிற்கட்டும், முகம் பாத்திரத்தில் நிற்கட்டும்” என்று பிள்ளைகளைத் திருத்துவார். ‘மாரி 2’ படத்தின் ‘ரவுடி பேபி’ பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் பெரியப்பாவின் நினைவுதான் வரும். அவ்வளவு வேகத்திலும் ஆடுவது ஓட்டோ ஓட்டும் ஆனந்திதான். சாய் பல்லவி எட்டிப் பார்ப்பதே இல்லை. அந்தப் பாட்டுக்கு ஆட்டம் அமைத்தவர் பிரபுதேவா. அதற்குப் பத்து வருடம் முன்பு, 2008இல், ‘உங்களில் யார் அடுத்த பிரபுதேவா’ என்ற தொலைக்காட்சிப் போட்டியில் ஆடிய பிள்ளை சாய் பல்லவி. முறையாக நடனம் பயின்றவருமல்ல. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

நீலகிரி மலையின் கோத்தகிரியில் பிறந்த, படுகர் சமூகத்தைச் சேர்ந்த இந்தப் பெண், 2017இல் ‘ஃபிதா’ தெலுங்குப் படத்தில் தெலங்கானாப் பேச்சைத் தன் சொந்தக் குரலிலேயே பேசினார். அதற்கும் தாளம் பிடிக்கும் காது வேண்டும். ‘என்.ஜி.கே.’ படத்தில் அவர் நடிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதில் பதற்றம் அளவுக்கு மீறிவிட்டது. 2022இல் வந்த ‘கார்கி’யைப் பாருங்கள். காவலாளி வேலைக்குப் போன அப்பா வீடு திரும்பவில்லை. தேடிப் போகிற மகளாக அவர் நடக்கிற நடையிலேயே நெஞ்சு கனத்துவிடும். ஆட்டம் இல்லாத படம்தான், ஆனால் ஆடத் தெரிந்த உடம்புதான் அப்படி அடங்கி நிற்கும்.

உங்கள் களரி எப்போது என்று எழுதுங்கள், தம்பி. அரிதாரம் போட ஆள் தேவையென்றால் பெட்டியோடு வருகிறேன்.