தியாகமாக வாழ்ந்தால் சந்தோஷம் எங்கிருந்து வரும்?

"எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேதாகமம் சொல்லும் வரிசையே வேறு: சந்தோஷம் முதலில், கொடுப்பது அப்புறம். மக்கெதோனியச் சபைகள் கொடிய வறுமையிலும் தாராளமாகக் கொடுத்தது சந்தோஷம் நிரம்பியிருந்ததால்தான் என்கிறார் பவுல் (2 கொரிந்தியர் 8). கிறிஸ்து தம்மையே கொடுத்தார் என்று நம்புகிறவருக்கு, இழந்துவிடுவோமோ என்ற பயம் தளர்ந்துவிடுகிறது.

நம் டெல்டாவிலேயே பாருங்கள். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ், மணம் முடிக்காமல், 1798இல் தஞ்சாவூரில் இறக்கும்வரை சொந்த நாடு திரும்பவே இல்லை. ஹைதர் அலி படையெடுப்பால் வந்த பஞ்சத்தில், அரண்மனையை நம்பாத விவசாயிகள் அவர் வாக்கை நம்பி நெல் கொண்டுவந்தார்கள்.

ஆனால் வீட்டில் ஒருத்தர் தலையில் மட்டும் "நீ பொறுத்துப்போ" என்று சுமத்துவது இதில் சேராது. கட்டாயமாய்க் கொடுக்க வேண்டாம் என்று அதே கடிதத்தின் 9ஆம் அதிகாரம் தெளிவாகவே சொல்கிறது.