தப்பியோடியவரும் படிக்கட்டில் நின்றவரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய உங்கள் குறிப்பில் ‘தி ஃப்யூஜிடிவ்’ தொடரைப் பாராட்டியிருந்தீர்கள். அதை நம்பி, ஓய்வுக்காலத்தின் பல மாதங்களைச் செலவிட்டு 120 பகுதிகளையும் பார்த்து முடித்தேன். செய்யாத கொலைக்கு மரண தண்டனை பெற்ற மருத்துவர் ரிச்சர்ட் கிம்பிள், சிறைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் ரயில் தடம் புரண்டதால் தப்பி, தன் மனைவியைக் கொன்ற ஒற்றைக்கையனைத் தேடி ஊர் ஊராக அலையும் கதை என்னைக் கட்டிப்போட்டது. ஆனால் முடிவு ஏமாற்றிவிட்டது. கையில் கிடைத்ததைக் கொண்டு முடித்துவிட்டார்கள்.

நான் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காகப் பல ஆண்டுகள் இருந்தவன். கோபுரத்தின் உச்சியில் கொலைகாரன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். அதைக் கேட்டவர் தண்டனை பெற்றவர் ஒருவர்தான், ஒப்புக்கொண்டவனும் அடுத்த நிமிடமே இறந்துபோகிறான். அந்த வாக்குமூலத்துக்கு என்ன மதிப்பு? இந்த ஓட்டையை அடைக்க, அதுவரை நாம் பார்த்திராத பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைக் கொண்டுவந்து, “நான் நேரில் பார்த்தேன்” என்று சொல்லவைக்கிறார்கள். இத்தனை காலம் வாய் திறக்காத சாட்சியைக் குறுக்கு விசாரணையில் நேற்று வந்த வக்கீல்கூடக் கலைத்துவிடுவார். இதை நீங்கள் எப்படி ஏற்கிறீர்கள்? இது சாம் ஷெப்பர்ட் வழக்கின் கதைதான் என்கிறார்களே, உண்மையா? கடைசியாக, பதினான்கு வயதுப் பேத்திக்கு ஒரே ஒரு பகுதியைக் காட்டுவதென்றால் எதைக் காட்டலாம்?

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

நீதிமன்றத்தில் உட்கார்ந்து சாட்சியங்களைக் கேட்ட காதுகளோடு ஒருவர் இந்தத் தொடரைப் பார்த்திருக்கிறார் என்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. கோபுரத்து வாக்குமூலம் செல்லாது என்ற உங்கள் கருத்தில் எனக்கு மறுப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரர் லாயிட் சாண்ட்லரின் சாட்சியம் எளிதில் கலைந்துவிடும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியது அரசுத் தரப்பு. அந்தத் தரப்பின் வலது கையாக இத்தனை ஆண்டுகள் இருந்த காவல் அதிகாரி ஜெரார்டே தன் தவறை உணர்ந்துவிட்டார். சாண்ட்லருக்கு இதைச் சொல்வதால் கிடைப்பது எதுவுமில்லை, இழப்பதோ ஊரில் உள்ள பெயர் முழுவதும். தனக்கே கேடாக முடியக்கூடிய ஒன்றை ஒருவர் வலிந்து வந்து சொல்லும்போது அதற்குத் தனி எடை உண்டு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஷெப்பர்ட் வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954 ஜூலை 4 அதிகாலையில் ஒஹாயோ மாநிலத்தின் பே வில்லேஜ் என்ற ஊரில் மருத்துவர் சாம் ஷெப்பர்டின் மனைவி மேரிலின் வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். புதர்போல் முடி வளர்த்த ஓர் ஆளைத் தான் பார்த்ததாக ஷெப்பர்ட் சொன்னதை யாரும் நம்பவில்லை. கிளீவ்லாந்து நாளேடுகள் விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டன. ஏறத்தாழ பத்தாண்டுச் சிறைவாசத்துக்குப் பிறகு, அந்த விளம்பர வெறிக்கு நடுவே நியாயமான விசாரணை நடந்திருக்க முடியாது என்று 1966 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையைத் தள்ளுபடி செய்தது. மறுவிசாரணையில் அதே ஆண்டு நவம்பரில் அவர் விடுதலையானார். கதையில் கிம்பிள் விடுதலையாவதோ அதற்கு ஒன்பது மாதங்களுக்குப் பிறகு. ஒற்றுமை கண்ணை உறுத்துகிறது என்பது உண்மையே. ஆனால் தொடரை உருவாக்கிய ராய் ஹக்கின்ஸ் அந்த வழக்கிலிருந்து கதையை எடுத்ததாகப் பிறர் சொன்னதைக் கடைசிவரை மறுத்தார். அவர் சொல்லை நம்புவதா இல்லையா என்பதில் எனக்கு அதிக அக்கறை இல்லை. ஷெப்பர்ட் சிறைக்குள் அடைபட்டுக் கிடந்தவர், கிம்பிள் ஓடிக்கொண்டே இருந்தவர். கதையின் உயிர் அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது.

ஹக்கின்ஸைப் பற்றி வேறொரு செய்தி இதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. இளமையில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்த அவர், 1952-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு முன்னால் நின்று பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னவர். பெயர் சொல்லப்பட்டவர்கள் வேலை இழந்து, சிலர் புனைபெயரில் எழுதிப் பிழைத்த காலம் அது. பத்தாண்டு கழித்து அதே மனிதர், வாரத்துக்கு ஒரு பெயரில் ஒளிந்து வாழும் நிரபராதியின் கதையை எடுத்துக்கொண்டு போனபோது, இது அமெரிக்க நீதிமுறையின் முகத்தில் அறைவது போலிருக்கிறது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இந்த இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு உரிமை இல்லை. கடைசிப் பகுதியை எழுதியவரும் அவரில்லை. ஆனாலும் யார் வாய் திறக்கிறார்கள், யார் மூடிக்கொள்கிறார்கள் என்ற கேள்வி தொடர் முழுக்க ஓடுவதைப் பார்க்கும்போது அந்த 1952 நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

உங்கள் கேள்விக்கான என் பதிலும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் 120 பகுதிகளையும் பார்த்தவர் என்பதால் மனத்திலேயே திரும்ப ஓட்டிப் பாருங்கள். கிம்பிள் ஓர் ஊருக்கு வருகிறார், மது பரிமாறுபவராகவோ லாரி ஓட்டுபவராகவோ தோட்டக்காரராகவோ ஒரு வேலையில் சேர்கிறார். 1963 செப்டம்பர் 17 அன்று ஒளிபரப்பான முதல் பகுதியில் டூசான் நகரத்து மதுக்கூடத்தில் ஜிம் லிங்கன் என்ற பெயரில் நிற்கிறாரே, அதுபோல. யாருக்கோ உடம்பு சரியில்லாமல் போகிறது, அல்லது யாரையோ ஒருவன் கொடுமைப்படுத்துகிறான். பார்த்தும் பாராததுபோல் போய்விட்டால் அவருக்கு ஆபத்தில்லை, ஆனால் போக முடிவதில்லை. சட்டத்திடமிருந்து தப்பிய மனிதரால் தன் மருத்துவத் தொழிலிடமிருந்து தப்ப முடியவில்லை. கை வைத்த உடனே அவர் யார் என்பது வெளிப்படுகிறது. அதற்குப் பின் கதை அவர் கையில் இல்லை. அவரை அடையாளம் கண்டுகொண்ட ஒரு விதவையோ தோட்டத் தொழிலாளியோ சிறுவனோ காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வதா, பேசாமல் இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நான்கு ஆண்டுகளாக கிம்பிளை உயிரோடு வைத்திருந்தது முன்பின் தெரியாத எளிய மனிதர்களின் இந்த மௌனம்தான்.

இப்போது இறுதிப் பகுதிக்கு வாருங்கள். கொலை நடந்த இரவில் வீட்டின் படிக்கட்டில் ஒருவர் நின்றிருந்தார் என்று தெரியவருகிறது. போரில் பதக்கம் பெற்றவர், ஊரில் மதிப்போடு வாழ்பவர், கிம்பிள் குடும்பத்தின் நண்பர். ஒற்றைக்கையன் கிம்பிளின் மனைவி ஹெலனை விளக்கால் அடித்துக் கொல்வதை அவர் பார்த்தார், பயத்தில் உறைந்துபோய் அசையாமல் நின்றார். தன் கோழைத்தனம் வெளியே தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக நண்பனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோதும் வாய் திறக்கவில்லை. அந்நியர்கள் தங்கள் மௌனத்தால் காப்பாற்றிய ஒரு மனிதரை, நண்பர் ஒருவர் தன் மௌனத்தால் தூக்கிலேற்றப் பார்த்திருக்கிறார். முந்தைய பகுதிகள் எல்லாவற்றையும் இந்த ஓர் இடம் தலைகீழாகத் திருப்பிக் காட்டுகிறது. கொலைகாரன் ஒற்றைக்கையன் என்பது முதல் நாளிலிருந்தே நமக்குத் தெரியும், அவன் பிடிபடுவதில் புதிதாக அறிய எதுவுமில்லை. கிம்பிளின் ஓட்டத்துக்கு யார் காரணம் என்ற கேள்விக்குத்தான் அங்கே விடை கிடைக்கிறது. கையில் கிடைத்ததைக் கொண்டு முடித்தார்கள் என்று நீங்கள் எழுதியதை அதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சாண்ட்லரை முன்கூட்டியே இரண்டு மூன்று பகுதிகளில் ஒரு மூலையிலாவது காட்டியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைய தொடர்களுக்கு முடிவு என்று ஒன்று இருந்ததே அரிது. விளம்பரதாரர் விலகினால் ஒரு வாரம் சத்தமில்லாமல் நின்றுபோகும். முடிவு தெரிந்துவிட்ட தொடரை மறுஒளிபரப்பில் யார் பார்ப்பார்கள் என்ற அச்சமும் அந்த வணிகத்தில் இருந்தது. அதையும் மீறி 1967 ஆகஸ்ட் 22, 29 ஆகிய இரு நாட்களில் முடிவை ஒளிபரப்பினார்கள். இரண்டாம் நாள் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளில் 72 விழுக்காடு இதைத்தான் காட்டின. அவசர அவசரமாக ஒரு காதலியையும் கிம்பிளுக்குச் சேர்த்துவைத்தது எனக்கும் பிடிக்கவில்லை. அவருக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது ஒரு நல்ல தூக்கம்.

ஜெரார்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, ஆனால் அவரைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசராப்ளே’ என்ற பிரெஞ்சு நாவலில் வரும் ஜாவர் என்ற காவல் அதிகாரியின் வாரிசு அவர் என்பதைப் பலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நம்மிடையே அந்தப் பெயருக்கு அறிமுகம் தேவையில்லை. 1950-இல் ‘ஏழை படும் பாடு’ படத்தில் அந்த வேடத்தை ஏற்ற சீதாராமனுக்கு, அதன்பின் வாழ்நாள் முழுவதும் ஜாவர் சீதாராமன் என்பதே பெயராகிவிட்டது. பாத்திரத்தின் பெயர் நடிகரோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அந்த விடாப்பிடி மனிதரிடம் ஏதோ இருக்கிறது. பாரி மோர்ஸ் நடித்த ஜெரார்டும் அதே வார்ப்புதான். சட்டம் இவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டது, சட்டத்தை நிறைவேற்றுவது என் வேலை, அது சரியா என்று யோசிப்பது என் வேலையல்ல என்பதே அவர் நிலை. கிம்பிள் தப்பியபோது அதே ரயிலில் காவலுக்கு வந்தவர் அவர் என்பதால், கடமையோடு மான உணர்வும் கலந்துவிட்டது.

‘கார்னர் ஆஃப் ஹெல்’ என்ற பகுதியை மறுபடியும் ஒருமுறை பாருங்கள். கிம்பிளைத் துரத்திக்கொண்டு கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்களின் காட்டுக்குள் நுழையும் ஜெரார்ட், அவர்களுடைய பெண்ணைத் தாக்கியதாக அகப்பட்டுக்கொள்கிறார். சந்தர்ப்பச் சாட்சியம் முழுவதும் அவருக்கு எதிராக நிற்கிறது. வேறொருவன் ஓடியதைப் பார்த்தேன் என்று அவர் சொல்கிறார், யாரும் நம்புவதில்லை. இதே வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்று பார்வையாளர் யோசிக்கும்போதே, அதைக் கேட்டுக்கொண்டு கிம்பிள் எதிரே நிற்கிறார். ஜெரார்டை அங்கிருந்து மீட்க அவரே உதவவும் செய்கிறார். அடுத்த வாரம் துரத்தல் வழக்கம்போல் தொடர்கிறது. தான் துரத்தியவரே தன் உயிரைக் காத்தபோது ஜாவருக்கு வந்த தடுமாற்றம் ஜெரார்டுக்கு அன்றைக்கு வராததைக் கதாசிரியர்களின் பிழை என்று ஒரு காலத்தில் நினைத்தேன். பணியில் இருப்பவர்கள் தங்கள் சொந்த அனுபவத்தைக்கூடக் கோப்புக்குள் சேர்க்க மாட்டார்கள் என்பதை இப்போது அறிந்திருக்கிறேன். நீங்கள் அலுவலகத்தில் பார்த்திருப்பீர்கள்.

மறுவிசாரணையைக் காட்டாமல் நேரே நீதிமன்ற வாசலுக்குத் தாவிவிட்டார்களே என்று உங்களைப் போன்றவர்களுக்குக் குறையாக இருக்கும். ஆனால் அந்த வாசலில் நடப்பதைக் கவனித்தீர்களா? ஜெரார்ட் கையை நீட்டுகிறார், கிம்பிள் சற்றுத் தயங்கிக் கைகுலுக்குகிறார். படியிறங்கி நடக்கும்போது ஒரு போலீஸ் கார் வந்து நிற்கிறது, விடுதலையான மனிதரின் உடம்பு ஒரு கணம் ஓடுவதற்குத் தயாராகி, பிறகு தளர்கிறது. கிம்பிளாக நடித்த டேவிட் ஜான்சென் நான்கு ஆண்டுகளாகத் தாழ்ந்த கண்களாலும் முணுமுணுப்புக் குரலாலும் பாதியிலேயே அணைந்துவிடும் சிரிப்பாலும் சேர்த்துவைத்த நடிப்பு முழுவதும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது. தீர்ப்பு நகல் கைக்கு வந்துவிட்டது, உடம்புக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பேத்திக்கு ‘நைட்மேர் அட் நார்தோக்’ பகுதியைக் காட்டுங்கள். தீப்பிடித்த பள்ளிப் பேருந்திலிருந்து பிள்ளைகளை மீட்கிறார் கிம்பிள். அந்த நற்செயலே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. படம் செய்தித்தாளில் வருகிறது, ஜெரார்ட் வந்து சேர்கிறார். தங்கள் பிள்ளைகளைத் திருப்பித் தந்தவரை என்ன செய்வதென்று அந்தச் சிற்றூர் முடிவெடுக்கிறது. ஊர்க்காரர்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்பதை நீங்கள் முந்திக்கொண்டு அவளிடம் சொல்லிவிடாதீர்கள். கறுப்பு வெள்ளையாக இருக்கிறதே என்று அவள் முகம் சுளித்தால், பேருந்து தீப்பிடிக்கும் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அது தொடக்கத்திலேயே வந்துவிடும்.

அன்புடன்.